எல்க் வேட்டை: குறி எங்கே, தயாரிப்பு என்ன

கேள்வி: டென்வரில் வேலை பார்க்கிறேன். உடன் பணிபுரிபவர்கள் இந்த அக்டோபரில் எல்க் (வட அமெரிக்காவின் பெரிய மான்) வேட்டைக்கு வரச் சொல்கிறார்கள். பெண் எல்க்குக்கான உரிமம் குலுக்கலில் கிடைத்துவிட்டது. விலங்கு துடிதுடித்துச் சாகக் கூடாது என்பதுதான் என் கவலை. எங்கே குறி வைக்க வேண்டும்? அதற்கு எப்படித் தயாராக வேண்டும்?

பதில்:

இதயத்தைக் குறி வைக்காதீர்கள். விலங்கு உங்களுக்குப் பக்கவாட்டில், அல்லது பின்பக்கத்தைச் சற்றே உங்கள் பக்கம் திருப்பி நிற்கும்போது மட்டும், இரண்டு நுரையீரலையும் ஒரே குண்டு துளைத்துப் போகும்படி சுடுங்கள். முதல் வேட்டைக்குப் போகிறவருக்கு நான் சொல்லும் குறி இது ஒன்றுதான். வேறு எந்த நிலையில் நின்றாலும் காத்திருங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

மான் என்றால் நம் மனத்தில் வருவது புள்ளிமான். எல்க் அந்தக் கணக்கில் சேராது. ராக்கி மலையில் வளர்ந்த பெண் எல்க் சுமார் 500 பவுண்டு இருக்கும். கொம்பன் 700 பவுண்டு. இவ்வளவு பெரிய உடல் ஸ்கோப்பை (துப்பாக்கி மேல் பொருத்திய குறிநோக்கி) நிறைத்து நிற்கும்போது, எங்கே சுட்டாலும் படும் என்று தோன்றும். படும்தான். பட்டால் விரைவில் சாகும் இடம் அந்த உடலின் முன்புற மூன்றில் ஒரு பங்குக்குள், அதுவும் கீழ்ப்பாதியில் இருக்கிறது. புதியவர்கள் பெரும்பாலும் விலங்கின் நடுப்பகுதியைப் பார்த்துச் சுடுகிறார்கள். நடுப்பகுதியில் இருப்பது இரைப்பை.

உடலின் உள்ளமைப்பைப் படத்தில் பார்ப்பதைவிட, யாராவது எல்க்கை அறுக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். தோலை உரித்து முன்சப்பையை வெட்டி விலக்கியதும் விலாக்கூடு முழுதாகத் தெரியும். அதன் முன்பகுதியை இளஞ்சிவப்பு நிறத்தில், பஞ்சுபோல இரண்டு நுரையீரல்கள் நிறைத்திருக்கும். அவற்றுக்கு இடையே, கீழே, முன்னங்காலின் முழங்கை மட்டத்தில் நெஞ்செலும்பை ஒட்டினாற்போல் இதயம். நுரையீரலுக்குப் பின்னால் ஒரு மெல்லிய தசைச்சுவர்; அதைத் தாண்டினால் கல்லீரல், அதற்கும் பின்னால் மூட்டை அளவுக்கு இரைப்பையும் குடலும். கவனிக்க வேண்டிய இன்னொன்று முன்சப்பை எலும்பு. முழங்கையிலிருந்து மேலே போகும் எலும்பு நேராகப் போகாமல் முன்னோக்கிச் சாய்ந்து தோள் முனைக்குப் போகிறது. அங்கிருந்து தோள்பட்டை எலும்பு பின்னோக்கி மேலே ஏறுகிறது. ஆக, முழங்கைக்குச் சற்று மேலே, காலின் பின்கோட்டை ஒட்டி, தடித்த எலும்பு எதுவும் குறுக்கே வராத ஓர் இடம் இருக்கிறது. அங்கே விலா எலும்பும் அதற்கு அடியில் நுரையீரலும் மட்டும்தான்.

குறி வைக்க வேண்டியது அந்த இடத்தில்தான். முன்னங்காலின் பின்கோட்டைக் கண்ணால் பிடித்துக்கொண்டு மேலே ஏறுங்கள். நெஞ்சின் அடிக்கோட்டிலிருந்து முதுகு வரையுள்ள உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியதும் நில்லுங்கள். பாதி உயரத்துக்கு மேல் போகவே வேண்டாம். எல்க்கின் உடல் வெளிர் மஞ்சள் கலந்த பழுப்பு. கழுத்தும் கால்களும் கரும்பழுப்பு. மங்கிய வெளிச்சத்திலும் அந்தக் கருங்கால் ஒரு கோடு போட்டதுபோல் தெரியும் என்பது நமக்கு வசதி.

இதயம் ஏன் வேண்டாம்? அங்கே பட்டால் விலங்கு பிழைக்காது, சந்தேகமில்லை. ஆனால் அது அடிக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. குண்டு நான்கு அங்குலம் தாழ்ந்தால் நெஞ்செலும்பை உரசிக்கொண்டு போகும், அல்லது கால் உடையும். மூன்று காலோடு எல்க் மலை தாண்டிப் போய்விடும். நுரையீரலின் நடுவைக் குறி வைத்தவருக்குக் குண்டு தாழ்ந்தால் இதயம் கிடைக்கிறது. முன்னே போனால் தோளும் நுரையீரலின் முன்முனையும். சற்றுப் பின்னே போனால் நுரையீரலின் ஓரமும் கல்லீரலும். தவறினாலும் பெரும்பாலும் காரியம் முடிந்துவிடுகிறது. மேலே போனால் மட்டும்தான் ஆபத்து.

அந்த மேல்பகுதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தோளுக்கு மேலே எல்க்குக்கு முதுகு மேடாகத் தெரியும். அந்த மேட்டின் உச்சியில் முதுகெலும்பு ஓடுவதாக நினைக்கிறோம். உண்மையில் தண்டுவடம் அதற்குப் பல அங்குலம் கீழே ஓடுகிறது; மேலே இருப்பவை முதுகெலும்பிலிருந்து நீண்டு நிற்கும் முட்களும் கறியும். குண்டு அந்த முட்களில் பட்டால் தண்டுவடம் அதிர்ந்து விலங்கு நின்ற இடத்திலேயே தொப்பென்று விழும். எங்கள் முகாமில் ஒருவர் அப்படி விழுந்ததைப் பார்த்ததும் துப்பாக்கியை மரத்தில் சாய்த்துவிட்டு எங்களைக் கூப்பிடக் கையை உயர்த்தினார். ஒரு நிமிடத்துக்குள் அது எழுந்தது, தலையை உதறியது, மரக்கூட்டத்துக்குள் ஓடிவிட்டது. பனியில் அதன் தடத்தை மாலை வரை தொடர்ந்தோம்; இரத்தம் முதல் அரை மைலோடு நின்றுபோனது. சுட்டவுடன் சுருண்டு விழும் எல்க்கைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும். விழுந்த பிறகும் அடுத்த தோட்டாவை ஏற்றி, ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் இருங்கள்.

தோள்பட்டையின் மேல்பகுதியில் சுட்டு அங்கேயே விழவைப்பதை விரும்பும் அனுபவசாலிகள் உண்டு. செங்குத்துச் சரிவின் விளிம்பில் நிற்கும் விலங்குக்கு அது பொருந்தலாம். ஆனால் சற்று மேலே போனால் நான் மேலே சொன்ன கதைதான். சரியாகப் பட்டாலோ இரண்டு முன்சப்பைக் கறியும் இரத்தம் கட்டி வீணாகும். அதைப் புதியவர்களுக்கு நான் சொல்லித்தருவதில்லை.

விலங்கு சற்றே திரும்பி, பின்பக்கத்தை உங்கள் பக்கமாக வைத்து நின்றால் அதுவும் நல்ல நிலைதான். அப்போது குறி மாறுகிறது. குண்டு எங்கே நுழைகிறது என்பதை விட்டுவிட்டு எங்கே வெளியேறும் என்று பாருங்கள்: அப்பக்கத்து முன்னங்காலை நோக்கி உடலின் ஊடே ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு இந்தப் பக்கத் தோலைத் தொடும் இடத்தில் சுட வேண்டும். கோணம் 45 டிகிரியைத் தாண்டினால் அந்தக் கோடு இரைப்பையின் வழியாகப் போகும். அப்போது சுடாதீர்கள். மார்பைக் காட்டி உங்களைப் பார்த்து நிற்பது, சாய்வாக உங்களை நோக்கி வருவது, பின்புறம் மட்டும் தெரிவது, ஓடுவது, இவை எதுவும் உங்களுக்கான நிலை அல்ல. தலையையும் கழுத்தையும் மறந்துவிடுங்கள். மூளை சிறியது, தலையோ ஓயாமல் அசைவது. சில அங்குலம் விலகினால் தாடை உடைந்து, தின்ன முடியாமல் பல நாள் பட்டினி கிடந்து சாகும்.

எல்க் தனியாக நிற்பது அபூர்வம், பெண் எல்க்குகள் கூட்டமாகவே மேயும். நல்ல ரைபிள் குண்டு இரண்டு நுரையீரலையும் தாண்டி வெளியே போய்ப் பின்னால் நிற்கும் இன்னொன்றிலும் பாயும். உரிமம் ஒன்று, விழுந்தது இரண்டு என்றால் சட்டப்படியும் சிக்கல், மனத்துக்கும் கஷ்டம். ஆகவே உங்களுடையது கூட்டத்திலிருந்து விலகி, முன்னும் பின்னும் வேறு விலங்கு இல்லாமல் நிற்கும்வரை காத்திருங்கள். மலைமுகட்டில் வானத்தைப் பின்னணியாகக் கொண்டு நிற்கும் எல்க்கை ஒருபோதும் சுடாதீர்கள். தவறிய குண்டு மறுபக்கம் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. கொலராடோவில் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து மறைந்து அரை மணி பின்பு வரை சுட அனுமதி உண்டு. அந்தக் கடைசி நிமிடங்களில் கால்கோடு தெரியவில்லை என்றால், சட்டம் அனுமதித்தாலும் உங்கள் கண் அனுமதிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனித் தூரம். “எவ்வளவு தூரத்தில் சுடலாம்?” என்று கேட்பவர்களுக்குத் துப்பாக்கிக் கடைக்காரர் 500 கஜம் என்பார். அது துப்பாக்கியின் திறன், உங்களுடையது அல்ல. .30-06 ரக ரைபிளில் 180 கிரெய்ன் எடையுள்ள குண்டு என்று வையுங்கள். ஸ்கோப்பை 200 கஜத்துக்குச் சரி செய்திருந்தால், 300 கஜத்தில் குண்டு சுமார் 8 அங்குலம் தாழும். 400-ல் இரண்டு அடி. மணிக்கு 10 மைல் வேகப் பக்கக்காற்று 300-ல் அரை அடிக்குத் தள்ளும், 400-ல் ஏறத்தாழ ஓர் அடி. தூரத்தை ரேஞ்ச்ஃபைண்டர் சொல்லிவிடும். பள்ளத்தாக்கின் நடுவில் வீசும் காற்றை எந்தக் கருவியும் சொல்லாது. இதோடு இன்னொரு கணக்கு: 400 கஜத்தைக் கடக்கக் குண்டுக்கு அரை விநாடி ஆகிறது. நீங்கள் விசையை அழுத்திய அந்தக் கணத்தில் எல்க் ஓர் எட்டு எடுத்துவைத்தால், குண்டு போய்ச் சேரும்போது உடல் இரண்டு அடிக்கு மேல் நகர்ந்திருக்கும். நுரையீரலுக்கு அனுப்பியது இரைப்பையில் போய் விழுகிறது. இதில் உங்கள் பிழை ஒன்றுமில்லை, தூரம் மட்டுமே காரணம். முதல் பருவத்துக்கு 200 கஜம் போதும் என்பது என் கருத்து. அதற்குள் நெருங்க முடியவில்லையென்றால் அன்றைக்கு வேட்டை இல்லை.

மலைச்சரிவில் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ சுடும்போது, குண்டு இரண்டு நிலையிலும் எதிர்பார்த்ததைவிட மேலேதான் படும். கணக்கில் எடுக்க வேண்டியது சரிவு தூரம் அல்ல, கிடைத்தூரம். இப்போதைய ரேஞ்ச்ஃபைண்டர்கள் கோணத்தைச் சேர்த்துக் கணக்கிட்டே காட்டுகின்றன.

துப்பாக்கியைப் பற்றிச் சண்டை போடாமல் வேட்டைக்காரர்களால் இருக்க முடியாது. நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொலராடோ சட்டப்படி எல்க்குக்குக் குறைந்தது 6 மில்லிமீட்டர் விட்டமும் 85 கிரெய்ன் எடையும் கொண்ட, பட்டதும் விரியும் குண்டு வேண்டும். இது சட்டத்தின் அடிமட்டம் மட்டுமே. .270, .308, .30-06, 7 எம்எம் ரெமிங்டன் மேக்னம் ஆகிய தோட்டா ரகங்கள் எல்லாம் காலங்காலமாக எல்க்கை வீழ்த்திவருபவை. .300 மேக்னம் வாங்கச் சொல்லி நண்பர்கள் வற்புறுத்துவார்கள். அதன் உதை தோளில் விழும். இரண்டாம் நாளே விசையை அழுத்தும்போது கண்ணை மூடத் தொடங்குவீர்கள். உதைக்குப் பயந்து சுடும் பெரிய துப்பாக்கியைவிட, பயமில்லாமல் சுடும் .308 எல்க்குக்கு நல்லது. குண்டின் தரத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். உள்ளே சிதறாமல் ஆழமாகப் போகும் குண்டு தேவை. முழுச் செம்பில் செய்தவற்றை நான் விரும்புகிறேன். கறியில் ஈயத்துகள் சேராது, மலையில் விட்டுவரும் குடலைத் தின்னும் கழுகுகளுக்கும் தீங்கில்லை.

பயிற்சி என்றதும் பலர் சுடுதளத்து மேசையில் மணல்மூட்டையில் துப்பாக்கியை வைத்து ஒரு பெட்டித் தோட்டாவைத் தீர்ப்பார்கள். ஸ்கோப்பைச் சரிபார்க்க அது போதும். பிறகு மேசையை விட்டு எழுந்துவிடுங்கள். மலையில் மேசை கிடையாது. உட்கார்ந்து, முழங்காலிட்டு, முதுகுப்பையின் மேல் துப்பாக்கியை வைத்துப் படுத்து, கவட்டைக் குச்சியில் தாங்கிச் சுட்டுப் பழகுங்கள். 9 அங்குலக் காகிதத் தட்டை மாட்டிவிட்டு, ஐம்பது அடி ஓடி வந்து, மூச்சிரைக்க உட்கார்ந்து ஒரே ஒரு தோட்டா. நுரையீரல் அந்தத் தட்டைவிடப் பெரியது. பதற்றத்தில் குறி எவ்வளவு விலகும் என்பதற்கு அந்த வித்தியாசத்தை விட்டுவைக்கிறோம். எந்தத் தூரத்தில், எந்த நிலையில், குழல் சூடாகாத முதல் தோட்டா தவறாமல் தட்டில் விழுகிறதோ, அதுதான் உங்கள் எல்லை. ஐந்தில் நான்கு விழுந்தது என்றால், ஐந்தில் ஒரு எல்க் காயத்தோடு போகிறது என்று பொருள். வீட்டில், தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை உறுதிசெய்துகொண்டு, தினமும் பத்து நிமிடம் வெறும் விசையை அழுத்திப் பழகுவதால் வரும் பலன் சுடுதளத்தில் செலவழிக்கும் பணத்தைவிட அதிகம்.

உடல் பயிற்சியும் குறிபார்க்கும் பயிற்சியின் பகுதிதான். நீங்கள் போகும் காடுகள் 8,000 அடியிலிருந்து 11,000 அடி வரை இருக்கும். டென்வர் 5,280 அடி. சரிவில் ஏறி நின்றவருக்கு நெஞ்சு அடிப்பதில் ஸ்கோப்பின் குறுக்குக்கோடு எல்க்கின் முதுகுக்கும் வயிற்றுக்கும் இடையே ஆடும். கோடையிலேயே பையில் எடையோடு மலையேறத் தொடங்குங்கள். காற்றையும் படியுங்கள்: காலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும், வெயில் ஏறியதும் மேலே போகும். உங்கள் வாடை எல்க்குக்குப் போகாதபடி அணுகினால் அது பதறாமல் நிற்கும். அமைதியாக மேயும் எல்க்கைச் சுடுவதும் எச்சரிக்கையடைந்து தசை முறுக்கி நிற்பதைச் சுடுவதும் ஒன்றல்ல. இரண்டாவது அதே காயத்தோடு வெகுதூரம் ஓடும்.

நடந்துகொண்டிருக்கும் எல்க்கை நிறுத்தப் பெண் எல்க்கின் குரலில் மெல்ல ஒருமுறை கூப்பிட்டால் போதும். பெரும்பாலும் நின்று திரும்பிப் பார்க்கும். மூச்சை வெளியே விட்டு, அடுத்த மூச்சுக்கு முன் விசையை மெல்ல இழுங்கள். சுட்டதும் என்ன நடக்கும்? பல நேரம் ஒன்றுமே நடக்காதது போல் எல்க் நிற்கும். தவறிவிட்டோமோ என்று தோன்றும். தோன்றட்டும், அடுத்த தோட்டாவை ஏற்றுங்கள். அது நின்றுகொண்டிருந்து, நிலையும் சரியாக இருந்தால் மறுபடியும் சுடுங்கள். ஒரே குண்டில் முடிப்பது பெருமை என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். நிற்கும் எல்க்குக்கு இரண்டாவது குண்டு கருணைதான். அதனால் சில கறித்துண்டுகள் வீணாவது பெரிதல்ல.

ஓடிவிட்டால் உடனே பின்னால் ஓடாதீர்கள். அது நின்ற இடத்தை ஒரு மரத்தையோ பாறையையோ வைத்து மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாகக் கண்ணில் பட்ட இடத்தையும். அரை மணி கழித்துப் போய் நின்ற இடத்தில் வண்ண நாடா ஒன்றைக் கட்டிவிட்டுக் கீழே பாருங்கள். இளஞ்சிவப்பாய், சிறு குமிழிகளோடு இரத்தம் இருந்தால் நுரையீரல். நூறு இருநூறு கஜத்துக்குள் கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரல். மூன்று நான்கு மணி நேரம் காத்திருங்கள். பச்சை கலந்து, புளித்த புல் வாடை வந்தால் இரைப்பை. எட்டு மணி நேரமாவது தொந்தரவு செய்யக் கூடாது. விரட்டினால் மைல்கணக்கில் போகும், விட்டால் அருகிலேயே படுத்துவிடும். இருட்டிவிட்டால் மறுநாள் காலையில் தேடுங்கள், கிடைக்கும்வரை தேடுங்கள். காயப்பட்டுக் கிடைக்காமல் போனதற்கும் உரிமம் செலவாகிவிட்டது என்று கணக்கு வைத்து வேட்டையை முடித்துக்கொள்பவர்களை எனக்குத் தெரியும். சட்டம் அப்படிக் கேட்பதில்லை; ஆனாலும் நான் அவர்கள் பக்கம்.

வில்வேட்டைக்குப் போகும் எண்ணம் வந்தால் அதை அடுத்த சில ஆண்டுகளுக்குத் தள்ளிவையுங்கள். அம்பு அதிர்ச்சியால் கொல்வதில்லை, இரத்தம் வடித்துக் கொல்கிறது. நெருக்கமும் பொறுமையும் பல மடங்கு தேவை.

இடையில் ஒரு சட்ட விஷயம், நம்மவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது அதற்குள்ள விலக்குகளில் ஒன்று. உரிமம் காலாவதியான பிறகு அதே ரைபிள் வீட்டு அலமாரியில் இருந்தாலும் சிக்கல்தான். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் எடுத்திருக்க வேண்டும். ரைபிள் பருவத்தில் இடுப்புக்கு மேலே 500 சதுர அங்குலம் பளிச்சிடும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு உடையும், அதே நிறத்தில் தொப்பியும் கட்டாயம்.

சுடுவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய இன்னொரு கேள்வி, இது விழுந்தால் எப்படித் தூக்கிவருவது என்பது. பெண் எல்க்கிலிருந்து எலும்பு நீக்கிய கறியே 150 பவுண்டை நெருங்கும். செங்குத்துப் பள்ளத்தின் அடியில் விழுந்த எல்க்கை இரண்டு பேர் மேலே கொண்டுவர ஒருநாள் போய்விடும். அதற்குள் வெயில் அடித்தால் கறி கெட்டுப்போகும். முதலில் கெடுவது பின்தொடை எலும்பை ஒட்டிய பகுதி, அங்கேதான் சூடு தங்கும். ஆகவே விழுந்ததும் படம் எடுப்பதைச் சுருக்கிக்கொண்டு தோலை உரியுங்கள். வயிற்றைக் கிழிக்காமலே நான்கு கால்களையும் முதுகுக்கறியையும் பிரித்தெடுக்கும் முறை இருக்கிறது, நண்பர்கள் சொல்லித்தருவார்கள். பெண் என்பதற்கான அடையாளம் ஒரு பகுதியோடு இயல்பாக ஒட்டியே இருக்க வேண்டும், வெட்டி எறிந்துவிடாதீர்கள். கறியைக் காற்றுப் புகும் துணிப்பைகளில் போட்டு நிழலில் தொங்கவிடுங்கள். உண்ணத்தக்க கறியை மலையில் விட்டுவருவது குற்றம்.

தலையையும் கொண்டுவாருங்கள். மூளையைத் தாக்கும் ஒரு நோய், சிடபிள்யூடி என்பார்கள், கொலராடோவில் மான்களிடமும் எல்க்கிடமும் இருக்கிறது. மாநில வனவிலங்குத் துறையின் பரிசோதனை மையத்தில் தலையைக் கொடுத்தால் மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள். மனிதருக்குத் தொற்றியதாக நிரூபணம் இல்லை. இருந்தாலும் நோய் கண்ட விலங்கின் கறியை உண்ண வேண்டாம் என்பதே சுகாதாரத் துறையினரின் அறிவுரை. முடிவு வரும்வரை அந்தக் கறியை ஃப்ரீசரில் தனியாக, தேதியும் உரிம எண்ணும் எழுதி வையுங்கள்.